மேற்பார்வை என்றதும் கங்காணி ஞாபகம் வருகிறதா? பிள்ளைகள், குடும்பங்களோடு வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் குழந்தைகள் இல்லங்களிலும், வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைப் பார்க்கும் வேலையிலும் இருக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் இப்போது என் வேலை. அதற்கு முன் பல வருடம் நானே அந்த வீடுகளின் படி ஏறினேன். இல்லத்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறு போடும் அக்காக்கள், கேஸ் பார்க்கும் தம்பி தங்கைகள், இல்லத்தை நடத்தும் பெரியவர்கள் என்று யார் வந்தாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோலாலம்பூரிலிருந்து போன் போட்டுக் கேட்பவர்களும் அதையே கேட்கிறார்கள். இப்படி உட்கார்ந்து பேசுவதைத்தான் இங்கே மேற்பார்வை என்கிறேன். அதைப் பற்றிய கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சம்பவங்களில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்களுக்கு ஏற்கனவே சூப்பர்வைசர் இருக்கிறாரே, இது என்ன புதிதாக?

இருக்கிறார், சரி. அவரைப் பார்க்கும்போது என்ன பேசுகிறீர்கள்? ஃபைல் முடிந்ததா, இந்த மாதம் எத்தனை வீட்டுக்குப் போனீர்கள், வெல்ஃபேருக்கு (சமூகநலத் துறைக்கு) அறிக்கை போனதா, யார் லீவு. இதெல்லாம் தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. சமூகப்பணி மேற்பார்வையைப் பற்றி 1976-ல் எழுதிய ஆல்ஃபிரட் கடூஷின் அதற்கு மூன்று வேலை உண்டு என்றார்: நிர்வாகம், கற்றுக்கொடுப்பது, தாங்கிப் பிடிப்பது. நம் இடங்களில் முதலாவது கறாராக நடக்கிறது. இரண்டாவது ஏதாவது பயிற்சிப் பட்டறை வந்தால் நடக்கிறது. மூன்றாவது, நடைபாதையில் முதுகில் தட்டி "பரவாலமா, தைரியமா இரு" என்று சொல்வதோடு முடிந்துவிடுகிறது.

நான் பேசுவது அந்த மூன்றாவதுக்கும் ஒரு நாள், ஒரு நேரம், ஒரு அறை ஒதுக்குவதைப் பற்றி. நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது: பிள்ளைக்கு என்ன நடந்தது, அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது, அடுத்த முறை என்ன செய்யலாம். இதை ஒரு முறையாகவே வளர்த்தவர்களில் செல்மா ஃப்ரைபர்க் என்ற அம்மையார் முக்கியமானவர். 1970-களில் அமெரிக்காவின் மிச்சிகனில் கைக்குழந்தையோடு தவிக்கும் தாய்மாரின் வீட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். அப்படி வீட்டுக்குள் போகிறவர்கள் பார்த்துவிட்டு வருவதைத் தனியாகச் சுமக்கக்கூடாது என்பது அங்கே அனுபவத்தில் வந்த பாடம். பிபிஆர் என்ற அரசாங்க மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு குறுகலான குசினியில் நின்றுகொண்டு, ஒரு பக்கம் குழந்தை அழ, மறு பக்கம் அம்மா அழ, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் இந்த 'மேற்பார்வை' என்ற சொல். நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, பிறகு மரம் மரமாகப் பின்னால் வந்து குறை கண்டுபிடிக்கிற கங்காணிதான் அவர்கள் அறிந்த மேற்பார்வை. அது இன்னும் நம் உடம்பில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். முதல் நாள் என் எதிரே உட்கார்ந்த பலர் கேட்ட முதல் கேள்வி, "நான் என்ன தப்பு செஞ்சேன் டீச்சர்?" அதனால் முதல் இரண்டு சந்திப்பில் வேறு எதுவும் நடக்காவிட்டாலும், இங்கே யாரும் குறை கண்டுபிடிக்க வரவில்லை என்று அவர்களுக்குப் புரிந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'டிரௌமா' என்கிறீர்கள். அது ஸ்ட்ரெஸ் தானே?

இரண்டும் வேறு. வெள்ளிக்கிழமைக்குள் மூன்று அறிக்கை கொடுக்க வேண்டும் என்றால் அது ஸ்ட்ரெஸ், கொடுத்துவிட்டால் தூக்கம் வரும். டிரௌமாவை நான் மனக்காயம் என்று சொல்கிறேன். ஆபத்து போய்விட்டது, ஆனால் உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை. சாவிக்கொத்துச் சத்தம் கேட்டதும் மேசைக்கு அடியில் புகுந்துகொள்கிற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். ஓடு, எதிர்த்து நில், இல்லையென்றால் அப்படியே உறைந்துபோ என்று உடம்பு தானாகவே முடிவு எடுக்கிறது. அந்தப் பிள்ளையிடம் "ஏன் இப்படிப் பண்றே?" என்று கேட்டுப் பயனில்லை, அவனுக்கே தெரியாது.

1998-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறு வயதில் அடி, வீட்டில் குடி, வன்முறை எல்லாம் இருந்ததா என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட அனுபவம் எத்தனை அதிகமோ, பிற்காலத்தில் நோயும் மனச்சோர்வும் அத்தனை அதிகமாக இருந்தன. அந்தப் பெரியவர்கள் வழக்கமான உடல் பரிசோதனைக்கு வந்த சாதாரண மனிதர்கள். நம் பணியாளர்களிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள், சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளின் மேல் இத்தனை பாசத்தோடு இந்த வேலைக்கு வருகிறவர்களில் சிலர் அந்த வலியைத் தெரிந்துதான் வருகிறார்கள்.

பிறர் பட்ட காயத்தைத் தினமும் கேட்பவர்களுக்கு அது தொற்றும் என்பதையும் 1990-லேயே மக்கேன், பேர்ல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிவிட்டார்கள். உலகத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. கோயில் திருவிழாவில் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் அப்பாவைப் பார்த்தாலும் சந்தேகம் வருகிறது என்று ஒரு தங்கை என்னிடம் சொன்னாள். சொந்தத் தம்பி மகளை அவளுடைய அப்பா கொஞ்சுவதைக்கூடப் பார்க்க முடியவில்லை என்றாள். அவளுக்கு வயது இருபத்தாறு.

அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்ஸா 2014-ல் சொன்னதை நான் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறேன்: மனக்காயம் எவ்வளவு பரவலானது என்று உணர்வது, அதன் அடையாளங்களைக் கண்டுகொள்வது, அதற்கேற்ப நடந்துகொள்வது, மறுபடி காயப்படுத்தாமல் இருப்பது. நான்காவதைப் பணியாளர்களுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு பிள்ளை ஓடிப்போன மறுநாள் காலையில், எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து "யார் டியூட்டி?" என்று கேட்பது அந்தப் பணியாளரை மறுபடி காயப்படுத்துவதுதான்.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் உண்மையிலேயே என்ன நடக்கும்?

ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா, இல்லத்தில் பதினொரு வருட அனுபவம். ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவன் தலையணைக்கு அடியில் காய்ந்த ரொட்டித் துண்டு, பாதி அப்பளம், பிளாஸ்டிக்கில் சுற்றிய கோழி எலும்பு. எறும்பு மொய்த்திருந்தது. தூக்கி எறிந்தார். மறுநாளும் இருந்தது. மூன்றாவது நாள் மற்ற பிள்ளைகள் முன்னால் கத்திவிட்டார். பையன் அழவில்லை, ஓடவில்லை, நின்ற இடத்திலேயே நின்றான், கால்சட்டை நனைந்து தரையில் வழிந்தது.

என்னிடம் வந்தபோது அவர் சொன்னது, "திருட்டுப் புத்தி டீச்சர். வீட்ல வளர்த்த விதம் அப்படி." நான் அதைத் திருத்தவில்லை. அந்த இடத்தில் மனக்காயத்தைப் பற்றி நான் ஒரு பாடம் நடத்தியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார், அவ்வளவுதான். "தலையணையத் தூக்குனீங்களே அக்கா, முதல்ல கண்ணுல பட்டது என்ன?" என்று கேட்டேன். எறும்பு என்றார். "அப்ப உங்க கை என்ன பண்ணுச்சு?" அவர் பேசாமல் செய்து காட்டினார். இரண்டு கையாலும் தலையணை உறையைப் பிடித்து உதறினார், உதறினார், நிறுத்தவே இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: சின்ன வயதில் தோட்டத்து வீட்டில் அவர் ஒரு கைப்பிடி சர்க்கரையைக் காகிதத்தில் மடித்துப் பாய்க்கு அடியில் வைத்திருந்தாராம். "எறும்பு காட்டிக் குடுத்துருச்சு டீச்சர். அப்பா பெல்ட்டக் கழட்டிட்டாரு."

அதற்கு மேல் நான் தோண்டவில்லை. சொன்னதற்கு நன்றி அக்கா என்றேன், கொஞ்சம் தண்ணீர் குடித்தோம், பிறகு பேச்சைப் பையனிடம் திருப்பினேன். "அவன் எதுக்கு எடுத்து வெச்சிருப்பான்?" ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார், "நாளைக்குக் கிடைக்காதுன்னு." பதினொரு வருட அனுபவம் அவரிடமே இருந்தது, எறும்பைப் பார்த்த நேரத்தில் அது கைக்கு எட்டவில்லை. மிச்சம் இருபது நிமிடத்தில் திட்டத்தை அவரே போட்டார்: மூடி போட்ட பிஸ்கட் டின் ஒன்றில் அவன் பெயரை எழுதிக் கட்டில் பக்கத்தில் வைப்பது, தினமும் படுக்கும் முன் இருவரும் சேர்ந்து அதை நிரப்புவது, கத்தினதற்கு அதே பிள்ளைகள் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்பது, இரவு டியூட்டி ஆட்களிடம் யாரும் டின்னை எடுத்துவிடக்கூடாது என்று சொல்லி வைப்பது.

இரண்டு வாரம் கழித்து வந்து, "டின்லயும் இருக்கு, தலையணைக்கு அடியிலயும் இருக்கு" என்றார். ஆனால் இப்போது அவர் தலையணையைத் தூக்கும்போது பையன் கூடவே நின்று பார்க்கிறானாம்.

அப்படியானால் இது கவுன்சலிங் தானே?

இல்லை. அந்த அக்கா விஷயத்தில் நான் எங்கே நிறுத்திக்கொண்டேன் என்று பாருங்கள். அப்பாவின் பெல்ட்டைப் பற்றி மேலே கேட்டிருந்தால் அது கவுன்சலிங் ஆகியிருக்கும், அதற்கு அவர் சம்மதித்து என்னிடம் வரவில்லை. அவர் வாழ்க்கை எந்த அளவுக்கு அந்தப் பிள்ளையோடு நடந்த விஷயத்தைத் தொடுகிறதோ அந்த அளவுக்குத்தான் நமக்கு அதில் வேலை. பேச்சு பிள்ளையிடம் திரும்பி வந்தே ஆக வேண்டும். அதற்கு மேல் தேவை என்று தெரிந்தால் வேறொருவரிடம் அனுப்ப வேண்டும், அதையும் மரியாதையாக, "உங்களுக்கு ஏதோ கோளாறு" என்ற தொனி வராமல்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை?

இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் வாரம் ஒரு முறை கொடுத்தால் நல்லது. கதவு மூடியிருக்க வேண்டும், இரண்டு பேர் போனும் வெளியே இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: தள்ளிப்போடாதீர்கள். நான் இதை ஆரம்பித்த முதல் வருடம் ஒரு பெண்ணின் சந்திப்பை மூன்று முறை தள்ளி வைத்தேன், ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம், நன்கொடையாளர் வருகிறார், கணக்குத் தணிக்கை, ஒரு அவசரக் கேஸ். நான்காவது வாரம் அவள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தாள். கோபமே இல்லை, "பரவால்லக்கா, நீங்க பிஸி" என்றாள். வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போன பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் அவள். நானும் அந்தப் பெரியவர்களில் ஒருத்தி ஆகிவிட்டேன். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

எங்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. எப்படி?

உண்மைதான், நம் இல்லங்களில் பாதி நாள் அரிசிக்கே நன்கொடை பார்த்துக்கொண்டிருக்கிறோம். தனித்தனியாக முடியவில்லையென்றால் குழுவாகச் செய்யுங்கள். நான்கிலிருந்து ஆறு பேர், பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் காலை ஒன்பதரைக்குப் பசியாறிவிட்டு உட்காரலாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு சம்பவம். சொல்கிறவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் அறிவுரை சொல்லக்கூடாது, இதுதான் நம் ஆட்களுக்கு மிகவும் கஷ்டம். "நான் உன் இடத்துல இருந்தா" என்று ஆரம்பிக்கிறவரைப் பணிவோடு நிறுத்திவிட்டு, "இதைக் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

நடத்துவதற்கு ஆள் வேண்டுமென்றால் பக்கத்திலேயே தேடலாம். பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகம் 1975-லேயே சமூகப்பணிப் படிப்பைத் தொடங்கிவிட்டது, அங்கே படித்து இந்த வட்டாரத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை வந்து உட்காருங்கள் என்று நேரில் போய்க் கேட்டால் பலர் மறுப்பதில்லை.

செலவைப் பற்றி யோசிக்கிற பெரியவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் போய்விட்டால் புது ஆள் தேடிப் பழக்க எத்தனை மாதம்? அந்த மாதங்களில் ஒரு பிள்ளை, ஒரே வருடத்தில் மூன்றாவது ஆளை 'அம்மா' என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கும்.

எந்த மொழியில் பேசுவது?

யார் எந்த மொழியில் கனவு காண்கிறாரோ அந்த மொழியில். நம் வேலை விசித்திரமானது, குடும்பம் தமிழில் அழுகிறது, அறிக்கை மலாயில் போகிறது, பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கிறது. நடந்ததை மலாயில் எழுதும்போது 'பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தது' என்ற மாதிரி ஒரு வரியாகச் சுருங்கிவிடும். அதையே தமிழில் சொல்லச் சொன்னால், "என் துப்பட்டாவப் பிடிச்சவ விடவே இல்லக்கா, வண்டி கதவு வரைக்கும் வந்தா" என்று வரும். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் உட்காருகிறோம். மலாய், சீனத் தோழர்களும் இருக்கிற குழு என்றால் கலந்து பேசுங்கள், இலக்கணம் யாருக்கு வேண்டும்.

நான் சொல்வது வெளியே போகுமா?

போகாது, ஆனால் அதற்கு எல்லை உண்டு, அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உங்கள் பயம், கோபம், அழுகை எல்லாம் அறைக்குள்ளேயே இருக்கும். என்ன முடிவு எடுத்தோம் என்பதை மட்டும் குறித்து வைப்போம், அந்தக் குறிப்பை நீங்களும் பார்க்கலாம்.

ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் அது ரகசியம் ஆகாது. மலேசியாவின் குழந்தைகள் சட்டம் 2001-ன்படி, பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர், ஒரு பிள்ளை கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ பாலியல் துன்புறுத்தலுக்கோ ஆளானதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் சமூகநல அதிகாரிக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். மருத்துவருக்கும் குடும்பத்தாருக்கும்கூட அந்தக் கடமை உண்டு. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு என்றே 2017-ல் வந்த சட்டத்தில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். அதனால் அடுத்த சந்திப்பில் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999-க்குக் கூப்பிடுங்கள் அல்லது போலீசுக்குப் போங்கள். என்னிடம் பிறகு வரலாம், அந்தப் போனைப் போட்ட கை இன்னும் நடுங்குகிறது என்று சொல்ல.

மேனேஜரே இதை நடத்தலாமா?

முடிந்தால் வேண்டாம். சம்பள உயர்வையும் லீவையும் முடிவு செய்கிறவர் முன்னால் "அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கவில்லை" என்று யார் சொல்வார்கள்? அதைச் சொல்ல முடியாவிட்டால் இந்த ஒரு மணி நேரமே வீண், ஏனென்றால் பிடிக்காத பிள்ளையிடம்தான் நம் கை முதலில் ஓங்கும். சின்ன இல்லம், வேறு வழியே இல்லை என்றால் நாளையாவது பிரித்து வையுங்கள். ஃபைல் பேச்சு திங்கட்கிழமை, இது வியாழக்கிழமை, வேறு அறையில்.

ஆண்கள் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

உட்கார வைத்துக் கேட்டால் திறக்க மாட்டார்கள். ஒரு தம்பியோடு நான் முதல் நான்கு சந்திப்பையும் இல்லத்து வேனைக் கழுவும் இடத்தில் நின்றே பேசினேன். அவர் டயரைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், கோர்ட்டிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டி வந்த வழியில் பாலம் முழுக்க அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை, தானும் ரேடியோவைப் போடவில்லை என்று. அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த முறை அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சில நாள் எனக்கே தாங்க முடியவில்லை. இது போதுமா?

தூக்கம் வாரக்கணக்கில் போய்விட்டால், பார்த்த காட்சி கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தால், குடி கூடிவிட்டால், செத்துவிடலாம் என்று தோன்றினால், இது போதாது. அரசாங்கக் கிளினிக்கிலேயே சொல்லலாம், அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். இரவில் யாரோடாவது பேச வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929, எந்த நேரமும் எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு நம்பர் கொடுத்துப் பழகிய நாம், நமக்காக அதை அழுத்தத் தயங்குகிறோம். தயவுசெய்து அழுத்துங்கள்.

உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்டால் எனக்குச் சந்தோஷம். ஒரு முறை பிறை என்ற ஊரில் ஒரு குடும்பம், பிள்ளைகளை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அம்மா, போன பணியாளரைப் பிடித்துக்கொண்டு "இப்பவே சொல்லு, இப்பவே சொல்லு" என்று கத்தியிருக்கிறார். பணியாளர் நேராக என்னிடம் வந்து, "என்ன செய்யணும், இப்பவே சொல்லுங்க" என்றார். நானும் உட்காரக்கூட இல்லாமல் போனை எடுத்து ஓர் அதிகாரியைப் பிடித்து "இப்பவே" என்று ஆரம்பித்துவிட்டேன். அம்மாவின் பயம் பணியாளரைத் தாண்டி என் வாயிலிருந்து வந்தது. ஹரால்ட் சேர்ல்ஸ் என்ற மனநல மருத்துவர் 1955-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார், நோயாளிக்கும் சிகிச்சை தருபவருக்கும் இடையே ஓடுவது மேற்பார்வை அறையிலும் அப்படியே வந்து நிற்கும் என்று.

அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மாதம் ஒரு முறை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போய் ஒரு மூத்த அம்மாவிடம் உட்காருகிறேன், இதே வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். அவரிடம் இதைச் சொன்னபோதும் நான் வேகமாகத்தான் சொன்னேன். அவர் தே ஓ கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "கண்ணு, இப்ப யாரு ஓடி வர்றாங்க, நீயா அந்த அம்மாவா?" என்று கேட்டார்.